பொன்னெழுத்து ஏன் மஞ்சள் எழுத்தாகிறது? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெக்டர் மென்பொருளில் (இங்க்ஸ்கேப், இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா போலப் படத்தைக் கோடுகளாலும் வளைவுகளாலும் வரைவது) உலோகப் புடைப்பெழுத்து அமைப்பதைப் பற்றியே கேட்டிருப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்து, இவற்றுக்கு மட்டும் இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: தலைப்பெழுத்தின் மேற்புறம் வெளிர்மஞ்சளும் கீழ்ப்புறம் அடர்மஞ்சளும் வருமாறு கிரேடியன்ட் (ஒரு நிறம் மற்றொன்றாக மாறிச்செல்லும் நிரப்பு) கொடுக்கிறேன். தங்கம் போல் தெரியாமல் மஞ்சள் பிளாஸ்டிக் போலவே தெரிகிறது. இன்னும் எந்த நிறத்தைச் சேர்க்க வேண்டும்?

பதில்: நீங்கள் சேர்க்க வேண்டியது நிறம் அன்று, நிறங்களுக்கு இடையே ஒரு திடீர் மாற்றம். மெருகேற்றிய உலோகம் தன் நிறத்தைக் காட்டுவதைவிடத் தன் எதிரே இருப்பதையே அதிகம் காட்டும். பளபளப்புக் குறையாத எவர்சில்வர் கரண்டி ஒன்றின் முதுகைச் சன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சன்னலின் வெளிச்சம் ஒரு வெண்பட்டையாகவும், அதை ஒட்டினாற்போல் அறையின் இருட்டு ஏறக்குறையக் கறுப்பாகவும் தெரியும். அந்த வெளுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே படிப்படியான மாற்றம் என்று ஒன்று இருக்காது. நீங்கள் கொடுத்த கிரேடியன்டில் இருப்பதோ அந்தப் படிப்படியான மாற்றம் மட்டும்தான். ஆகவேதான் கண் அதை மழமழப்பான பிளாஸ்டிக் என்று தீர்மானித்துவிடுகிறது.

மேலே வானம், கீழே தரை, நடுவில் தொடுவானம் என்ற அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு கிரேடியன்டின் புள்ளிகளை நிறுத்துங்கள். நான் வழக்கமாகத் தொடங்கும் அளவுகளைச் சொல்கிறேன். எண்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் உள்ளன. எழுத்தின் உச்சியில், அதாவது 0 விழுக்காட்டில், 212, 175, 55 என்னும் பொன்னிறம். அங்கிருந்து மெல்ல வெளுத்து 48 விழுக்காட்டில் 255, 246, 200 என்னும் வெளிர்நிறத்தை எட்ட வேண்டும். உடனே 50 விழுக்காட்டில் 92, 58, 12 என்னும் அடர்பழுப்பு. பிறகு 80 விழுக்காட்டில் மீண்டும் பழைய பொன்னிறம், அடியில் சற்றே வெளுத்த 240, 214, 130. அந்த 48-க்கும் 50-க்கும் இடையிலான இரண்டே விழுக்காட்டில்தான் தங்கம் இருக்கிறது. ஒரு சோதனையாக அந்த 50-ஐ இழுத்து 65-இல் விட்டுப் பாருங்கள். நிறங்கள் எதுவும் மாறாதிருந்தும் எழுத்து மறுபடியும் பிளாஸ்டிக் ஆகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிளாஸ்டிக்கின் மேல் விழும் ஒளிப்புள்ளி விளக்கின் நிறத்தையே கொண்டிருக்கும். வெள்ளை விளக்கானால் வெள்ளைப் புள்ளி. தங்கமும் செம்பும் அப்படியல்ல. அவை திருப்பி அனுப்பும் ஒளியே அந்த உலோகத்தின் சாயலை ஏற்றுக்கொண்டுதான் வெளிவரும். ஆகவே தங்க எழுத்தின் மிக வெளிச்சமான இடத்திலும் சிறிது மஞ்சள் இருக்கட்டும். தூய வெள்ளையை வைக்காதீர்கள். நிழலுக்குச் சாம்பலையோ கறுப்பையோ கலந்தாலும் அழுக்கேறியது போலாகிவிடும். பழுப்பும் செம்பழுப்பும்தான் தங்கத்தின் நிழல்கள். வெள்ளிக்கு மட்டும் தூய வெள்ளை பொருந்தும். அதன் இருண்ட பகுதிக்கு 70, 78, 90 போன்ற நீலம் கலந்த சாம்பல் நன்றாக அமையும்.

கேள்வி: அதே கிரேடியன்டைத்தான் எல்லா எழுத்துக்கும் கொடுத்தேன். ஆனால் சொல்லின் நடுவே ஓடும் இருண்ட கோடு ஓர் எழுத்தில் மேலேயும் அடுத்த எழுத்தில் கீழேயும் ஏறி இறங்குகிறது.

பதில்: ஒவ்வோர் எழுத்தும் தனித்தனிப் பொருளாக இருப்பதால், கிரேடியன்ட் அந்தந்த எழுத்தின் உயரத்தை அளந்துகொண்டு அதன் நடுவில் தொடுவானத்தை வைக்கிறது. ‘ப’ குட்டையானது, ‘கு’ கீழே இறங்குவது, ‘ரி’ மேலேயும் கீழேயும் நீள்வது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, இங்க்ஸ்கேப்பில் ‘பாத்’ மெனுவில் உள்ள ‘கம்பைன்’ கட்டளையையும், இல்லஸ்ட்ரேட்டரில் ‘காம்பவுண்ட் பாத்’ கட்டளையையும் கொடுத்து ஒரே பொருளாக்கிவிட்டுப் பிறகு கிரேடியன்டை இடுங்கள், கோடு நேராகிவிடும்.

கேள்வி: எழுத்தைப் புடைத்து நிற்பது போலக் காட்ட, அதன் ஓரத்துக்கு வலது மேலிருந்து இடது கீழ் வரை இன்னொரு கிரேடியன்ட் கொடுத்தேன். முதலெழுத்து முழுவதும் இருட்டாகவும் கடைசி எழுத்து முழுவதும் வெளிச்சமாகவும் வந்துவிட்டது. இதைச் செய்யும் சரியான முறை எது?

பதில்: உங்கள் கிரேடியன்ட் சொல் முழுவதையும் ஒரே பரப்பாக எண்ணிக்கொண்டது, புடைப்பெழுத்திலோ ஒவ்வொரு கோட்டுக்கும் ஒளிபடும் ஓரம் ஒன்றும் நிழல்படும் ஓரம் ஒன்றும் தனித்தனியே வேண்டும். இதைக் கிரேடியன்டால் சாதிக்க முயல்வதைவிட, எழுத்தை அதன் நகலாலேயே வெட்டி எடுப்பது எளிது. இங்க்ஸ்கேப்பை வைத்துச் சொல்கிறேன். நகலெடுத்தலும் ஒன்றைக் கொண்டு ஒன்றை வெட்டுதலும் உள்ள எந்த வெக்டர் மென்பொருளிலும் இது நடக்கும்.

முதலில் எழுத்தை ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கட்டளையால் பாதையாக்கி, அதாவது தட்டச்சு எழுத்தை வெறும் வடிவக்கோடாக மாற்றி, குழுவைப் பிரித்து, ‘யூனியன்’ கட்டளையால் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். இதுவே முகம், இதற்கு மேலே சொன்ன தங்கக் கிரேடியன்ட். இனி இந்த முகத்தை அப்படியே இரு நகல்கள் எடுத்து, இரண்டாவது நகலை மட்டும் வலப்புறம் 3 பிக்சலும் கீழ்ப்புறம் 3 பிக்சலும் நகர்த்துங்கள். எழுத்தின் உயரம் ஏறத்தாழ 200 பிக்சல் என்று வைத்துக்கொண்டு இந்த அளவைச் சொல்கிறேன். நகர்த்திய நகல் மேலே இருக்க, இரண்டையும் தேர்ந்து ‘டிஃபரன்ஸ்’ கொடுத்தால் மேலுள்ளது கீழுள்ளதை வெட்டிவிடும். எஞ்சுவது எழுத்தின் இடது மேல் ஓரங்கள் மட்டுமே. நகத்தின் நுனி போன்ற மெல்லிய பிறைகள். இவற்றுக்கு வெளிர்மஞ்சள் கொடுங்கள். அதே வேலையை இடப்புறமும் மேற்புறமும் நகர்த்திய நகலைக் கொண்டு செய்தால் வலது கீழ் ஓரங்கள் கிடைக்கும், அவற்றுக்கு அடர்பழுப்பு.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, பிறைகள் தாமாகவே மெலிந்து மறைவதுதான். ‘ட’ போன்ற எழுத்தின் நேர்கோடுகளில் பட்டை ஒரே அகலத்தில் ஓடும். ‘ழ’-வின் வளைவிலோ, ஒளி வரும் திசைக்குக் கோடு இணையாகத் திரும்பும் இடத்தை நெருங்க நெருங்கப் பட்டை ஒடுங்கி, ஓரிடத்தில் ஒன்றுமில்லாமல் போய், மறுபுறம் நிழலாகத் தொடங்கும். நாணயத்தைச் சாய்த்துப் பிடித்தால் அதன் எழுத்துகளில் தெரிவது இதுவேதான். எழுத்தின் உட்குழிவுகளிலும் ஒளியும் நிழலும் சரியான ஓரத்தில் தாமே அமைந்துவிடுகின்றன. அதற்கெனத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

நகர்த்தும் அளவு எழுத்தின் மிக மெல்லிய கோட்டின் பாதி அகலத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஒளிப்பட்டையும் நிழற்பட்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முகமே இல்லாமற்போகும். கடைசியில் இரு பட்டைகளுக்கும் ‘ஃபில் அண்ட் ஸ்ட்ரோக்’ பலகையில் உள்ள மங்கலாக்கும் அளவை மிகச் சிறிதாகக் கொடுத்தால் வார்த்தெடுத்த உலோகம் போல ஓரம் மழுங்கித் தெரியும். கொடுக்காமல் விட்டால் உளியால் வெட்டியது போலக் கூராக நிற்கும். மங்கலாக்கினால் நிறம் எழுத்துக்கு வெளியே கசியும் என்பதால், முகத்தின் இன்னொரு நகலைக் கொண்டு கிளிப் செய்து, வெளியே கசிந்ததை மறைத்துவிடுங்கள். மின்னும் நட்சத்திரங்களை எழுத்தின் மூலைக்கு மூலை ஒட்டும் வழக்கத்தை இந்த இடத்தில் கைவிட்டுவிடலாம். அளந்து வைத்த ஒளியை அவை பொய்யாக்கிவிடுகின்றன.

கேள்வி: புடைப்புக்குப் பதிலாகத் தகட்டில் பொறித்தது போல எழுத்து உள்ளே அமுங்கித் தெரிய என்ன செய்வது?

பதில்: அந்த இரண்டு பட்டைகளின் நிறங்களை மாற்றிப் போடுங்கள், அவ்வளவுதான். ஒளி மேலிருந்தே வருகிறது என்று நம் கண் எப்போதும் எடுத்துக்கொள்கிறது; மேலோரம் இருண்டிருந்தால் பள்ளம், வெளுத்திருந்தால் மேடு. எழுத்தின் கீழே விழுநிழல் வைத்திருந்தால் அதை நீக்கிவிடுங்கள். பள்ளத்துக்கு வெளியே நிழல் விழாது.

கேள்வி: இங்க்ஸ்கேப்பின் ஃபில்டர் பட்டியலில் பெவல் (சாய்ந்த ஓரம்) வகைகள் பல இருக்கும்போது கையால் வெட்டி ஒட்டுவது எதற்கு? ஃபில்டரில் எனக்குள்ள ஒரே சிக்கல், எழுத்தைச் சுற்றிய நிழல் பெட்டிக்குள் அடைத்தது போல நேர்கோட்டில் வெட்டுப்படுவதுதான்.

பதில்: சிக்கலை முதலில் தீர்த்துவிடுவோம். இங்க்ஸ்கேப் பயன்படுத்தும் எஸ்விஜி கோப்பு வடிவத்தில் ஒவ்வொரு ஃபில்டருக்கும் ஓர் எல்லைப்பரப்பு உண்டு. வேறு அளவு குறிப்பிடாவிட்டால் அது பொருளின் எல்லையைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் 10 விழுக்காடு மட்டுமே நீளும். நிழல் அதற்கு மேல் பரவினால் வெட்டுப்படும். ஃபில்டர் எடிட்டரில் பொது அமைப்புகள் பகுதிக்குச் சென்று தொடக்க இடத்தை −0.3 என்றும், அகல உயரங்களை 1.6 என்றும் மாற்றிப் பாருங்கள்.

ஃபில்டரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் நன்றாகவே பயன்படும். எழுத்தின் நிறத்தை விட்டுவிட்டு அதன் ஒளிபுகாத் தன்மையை மட்டும் எடுத்து மங்கலாக்கும்போது, எழுத்தின் நடுப்பகுதி உயரமாகவும் ஓரம் சரிவாகவும் ஒரு நிலப்படம் உருவாகிறது. அந்தச் சரிவின் மேல் கற்பனை விளக்கு ஒன்றைப் பிடித்து, எங்கெங்கே ஒளி தெறிக்கும் என்று ஃபில்டர் கணக்கிடுகிறது. அதனால் மங்கலாக்கும் அளவு சரிவின் அகலத்தைத் தீர்மானிக்கும். தொலை விளக்கின் கிடைக்கோணம் வலப்புறத்திலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ணப்படுவதால், இடது மேல் ஒளிக்கு 225 பாகை கொடுக்க வேண்டும். ஏற்றக்கோணத்துக்கு 45 முதல் 60 வரை. ஒளித்தெறிப்பின் அடுக்கெண் 5 போலக் குறைவாக இருந்தால் மெருகில்லாத உலோகம், 40 அளவுக்கு ஏறினால் கண்ணாடி போன்ற மெருகு. ஒளியின் நிறம் தொடக்கத்தில் வெள்ளையாக இருக்கும். முதல் கேள்வியில் சொன்ன காரணத்தால் அதையும் வெளிர்மஞ்சளாக்குங்கள்.

ஆனால் ஃபில்டரின் விளைவு பிக்சல்களால் ஆனது. திரையில் பெரிதாக்கினால் மென்பொருள் மறுபடி கணக்கிட்டுக் கொடுத்துவிடும். பிடிஎஃப் கோப்பாக வெளியேற்றும்போதோ அது படமாக உறைந்துவிடும். வெளியேற்றும் உரையாடல் பெட்டியில் அதற்கான நுணுக்க அளவு அங்குலத்துக்குப் புள்ளிகள் என்று கேட்கப்படும். அச்சுக்கானால் அதை 300 ஆக்காமல் விடாதீர்கள். வெட்டும் இயந்திரங்களின் மென்பொருள்கள் பலவும் ஃபில்டரைக் கண்டுகொள்வதே இல்லை. பிறைகளைக் கையால் வெட்டி, மங்கலாக்காமல் விட்ட முறையில் இந்தக் கவலைகள் ஒன்றும் கிடையாது.

கேள்வி: தமிழ் எழுத்தைப் பாதையாக்கியதும் கொம்பு, கால் சேருமிடங்களில் குறுக்கே ஒரு கோடு தெரிகிறது. ஓரத்தை உள்ளே சுருக்கினால் புள்ளிகள் காணாமற்போகின்றன. ஆங்கில எழுத்தில் இந்தத் தொல்லை வரவில்லையே?

பதில்: எழுத்துருவில் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால், பாதையாக்கிய பின்னும் அவை தனித்தனி மூடிய வளைவுகளாகவே இருக்கும். நிறம் நிரப்பும்போது தெரியாது; ஓரத்துக்கு ஒளி கொடுத்ததும் ஒவ்வொரு துண்டும் தன் ஓரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கில எழுத்துருக்களிலும், குறிப்பாகத் தடிமனை மாற்றிக்கொள்ளும் வகையில் அமைந்தவற்றில், இது நேர்வதுண்டு. பாதையாக்கியவுடன் ‘யூனியன்’ கொடுப்பதை ஒரு பழக்கமாக வைத்துக்கொண்டால் போதும். இல்லஸ்ட்ரேட்டரில் அது ‘பாத்ஃபைண்டர்’ பலகையில் ‘யுனைட்’ என்ற பெயரில் இருக்கிறது.

புள்ளி காணாமற்போவது எளிய கணக்கு. உள்ளே சுருக்கும் அளவு புள்ளியின் ஆரத்தைவிடக் கூடினால் அது மறைந்தே தீரும். மெய்யெழுத்து நிறைந்த சொல்லில் புள்ளிகள் போய்விட்டால் சொல்லே வேறாகிவிடும் என்பதால், புள்ளிகளை மட்டும் பிரித்தெடுத்து அவற்றுக்குப் பாதியளவு சரிவு கொடுங்கள். அல்லது புள்ளிக்கு நடுவில் ஒளிவிடும் வட்டக் கிரேடியன்ட் ஒன்றை இட்டுக் குமிழாக்கிவிடுங்கள். ஆணியடித்தது போல அழகாகவே இருக்கும். ‘ண’, ‘ணை’ போன்றவற்றின் சுழிகள் உள்ளே ஒட்டிக்கொள்ளும் தொல்லைக்கு, ஒரே அகலத்தில் தடிமனாக ஓடும் எழுத்துருவைத் தேர்வதே மருந்து. மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறி மாறி வரும் எழுத்துரு, காகிதத்தில் எவ்வளவு எழிலாக இருந்தாலும், புடைப்புக்கு ஆகாது.

இல்லஸ்ட்ரேட்டரில் ‘கொ’, ‘தெ’ போன்றவற்றில் கொம்பு இடம் மாறி நின்றால் அது வேறு கோளாறு. பத்தி அமைப்புகளில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ தேர்வாகவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்த பிறகே பாதையாக்குங்கள்.

கேள்வி: இல்லஸ்ட்ரேட்டரில் சொல்லை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பாதையாக்கி வெட்டிக்கொண்டிருக்க முடியவில்லை.

பதில்: ‘அப்பியரன்ஸ்’ பலகை இருக்கும்போது நீங்கள் பாதையாக்கவே வேண்டாம். எழுத்தின் சொந்த நிறத்தை நீக்கிவிட்டு, அப்பலகையில் புதிய நிரப்பு மூன்றைச் சேருங்கள். அடியில் உள்ளது அடர்பழுப்பு. அதற்கு ‘டிரான்ஸ்ஃபார்ம்’ விளைவால் வலமும் கீழும் 1 பாயின்ட் நகர்வு. அதன் மேல் வெளிர்மஞ்சள், இடமும் மேலும் 1 பாயின்ட் நகர்வு. உச்சியில் தங்கக் கிரேடியன்ட், நகர்வு ஏதுமின்றி. இப்போது சொல்லை மாற்றித் தட்டச்சு செய்தாலும் தங்கம் கூடவே வரும். இதைக் ‘கிராஃபிக் ஸ்டைல்’ ஆகச் சேமித்துக்கொண்டால் மற்றத் தலைப்புகளுக்கும் ஒரே சொடுக்கில் இடலாம். முன்பு சொன்ன பிறை முறையில் பட்டைகள் எழுத்துக்கு உள்ளே அமைந்தன. இதில் வெளியே நீள்வதால் எழுத்து ஒரு சுற்றுப் பருத்துத் தெரியும், அதற்கேற்ப எழுத்துகளின் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள். மங்கலாக்கும் விளைவைச் சேர்ப்பதானால் ஆவணத்தின் ராஸ்டர் விளைவு அமைப்பு, அதாவது அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பது, 72-இல் நிற்கிறதா 300-இல் நிற்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். வேலை முடிந்தபின் மாற்றினால் தோற்றமும் மாறக்கூடும்.

கேள்வி: கோரல்டிராவில் நேரடி வழி உண்டா?

பதில்: உண்டு. விளைவுகள் மெனுவில் ‘பெவல்’ இருக்கிறது. அதில் ‘சாஃப்ட் எட்ஜ்’, ‘எம்போஸ்’ என்று இரு பாணிகள்; உலோகத்துக்கு முதலாவதே பொருந்தும். ஒளியின் திசையையும் உயரத்தையும் அங்கேயே கொடுக்கலாம். நிழலின் நிறம் கறுப்பாக இருந்தால் மட்டும் பழுப்புக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: திரையில் மின்னிய தங்க எழுத்து அச்சில் மங்கிய பழுப்பாக வந்தது. தங்க ஃபாயிலும் (மினுக்கும் மெல்லிய படலம்) புடைப்பும் சேர்த்து அடிக்கலாம் என்று அச்சகத்தில் சொல்கிறார்கள். இப்போதுள்ள கோப்பையே கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சாதாரண நான்கு நிற அச்சில் மை உலோகத்தைப் போல ஒளியைத் திருப்பி அனுப்பாது. தங்கத்தைப் போன்ற தோற்றத்தை மட்டுமே அது தரும். திரையின் வெளிச்சத்தை நம்பி வைத்த வெளிர்மஞ்சளும் காகிதத்தின் வெண்மைக்கு மேல் ஏற முடியாது. உண்மையான மினுக்கு வேண்டுமானால் உலோகத்துகள் கலந்த மையால் அடிக்க வேண்டும். பான்டோன் என்னும் மை நிற வரிசையில் 871 முதல் 876 வரையிலானவை பொன், வெண்கலம், செம்புச் சாயல்கள், 877 வெள்ளி. இல்லாவிட்டால் சூட்டால் ஒட்டும் ஃபாயில்.

ஃபாயிலுக்கு நீங்கள் கொடுக்கும் கோப்பில் இதுவரை சொன்ன எதுவுமே இருக்கக்கூடாது. நான் இந்தத் தொழிலில் நுழைந்த புதிதில், கிரேடியன்டும் பிறையும் நிழலுமாக ஒரு வாரம் உழைத்த கோப்பை ஃபாயிலுக்கு அனுப்பிவிட்டு, “இதில் எதை அடிப்பது?” என்ற கேள்வியோடு அது திரும்பி வந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்: ஃபாயிலை அழுத்தி ஒட்டும் உலோக அச்சுக்கட்டைக்கு இருக்கிறது, இல்லை என்ற இரண்டே நிலைதான் தெரியும். பாதி ஒளி, கால் நிழல் என்பதெல்லாம் அதற்கு இல்லை. எழுத்து பாதையாக்கப்பட்டு, ஒன்றாக இணைக்கப்பட்டு, 100 விழுக்காடு ஒரே திட நிறத்தில், தனி அடுக்கில், தனி ஸ்பாட் நிறமாக (நான்கு மைகளில் கலக்காமல் தனியே அடிக்கும் நிறம்) நிற்க வேண்டும். அந்த ஸ்பாட் நிறத்துக்கு ‘ஓவர்பிரின்ட்’ இட்டால்தான் அடியில் உள்ள பின்னணியில் எழுத்து வடிவில் வெள்ளை ஓட்டை விழாது. புடைப்புக்கும் அதே போல இன்னொரு அடுக்கு. ஒளியும் நிழலும் காட்டிய பழைய கோப்பை, அடித்து முடித்தால் எப்படித் தெரியும் என்று வாடிக்கையாளருக்குக் காட்டும் மாதிரியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்கட்டை எந்த உலோகத்தால் செய்யப்படும் என்றும் அச்சகத்தில் கேளுங்கள். மக்னீசியத்தையும் செம்பையும் பெரும்பாலும் வேதிப்பொருளால் அரித்தெடுப்பார்கள்; அதில் கிடைப்பது ஒரே மட்டத்து மேடு. உளியால் செதுக்கியது போன்ற சாய்ந்த ஓரமோ, பல மட்டங்களோ வேண்டுமானால் பித்தளையைக் கடைந்து செய்ய வேண்டியிருக்கும், செலவு கூடும். எப்படியானாலும் காகிதம் மேலெழும்போது எழுத்துகளின் இடைவெளி நெருங்கித் தெரியும், ‘ண’-வின் சுழிகள் போன்ற சிறிய உட்குழிவுகளை ஃபாயில் அடைத்துக்கொள்ளவும் செய்யும். ஆகையால் திரைக்கு வைத்த இடைவெளியைவிடச் சற்றுத் தாராளமாக விட்டு, சுழிகளைத் திறந்து, எழுத்தை மெய்யளவில் கறுப்பு வெள்ளையில் ஒரு தாளில் அடித்துப் பார்த்து, எங்கும் ஒட்டவில்லை என்று உறுதியான பிறகு கோப்பை அனுப்புங்கள்.